ஜூலையில் தேயும் இணையம்

அமெரிக்காவின் நடுமேற்கில் இருக்கும் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளம் விளையும் பரப்பு சுமார் 1.3 கோடி ஏக்கர். மாநிலத்தின் மொத்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் விதைக்கிறார்கள். ஜூன் பிறந்ததும் பயிர் வேகமெடுக்கும். ஒரே நாளில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் உயர்வதும் உண்டு. ஜூலை 4-ஆம் தேதிக்குள் முழங்கால் உயரம் வந்துவிட்டால் விளைச்சலுக்குக் குறைவில்லை என்பது அந்தப் பக்கத்து விவசாயிகளின் பழைய சொல்வழக்கு. இன்றைய வீரிய ரகங்கள் அந்தத் தேதிக்குள் இடுப்பைத் தாண்டிவிடுகின்றன. ஜூலை நடுவில் ஆண்பூ தள்ளும்போது பயிர் இரண்டரை, மூன்று மீட்டர் உயரத்துக்கு வந்துவிடும். உள்ளே ஆள் நடந்தால் வெளியே தெரியாது.

கம்பியில்லா இணையத்தை நம்பியிருக்கும் பண்ணை வீடுகளில் தொல்லை தொடங்குவதும் இந்த வாரங்களில்தான். குளிர்காலம் முழுக்க ஒழுங்காக ஓடிய வீடியோ பாதியில் நின்று சுற்றும். மாலையில் மட்டும் அறுந்துபோகும். காற்றடித்தால் வேகம் ஏறி இறங்கும். ஆள் வந்து பார்த்தால் ஆண்டெனா அசையவில்லை, கேபிளில் பழுதில்லை, மோடம் சரியாக இருக்கிறது, கோபுரத்திலும் எல்லாம் வழக்கம்போல. ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்று: வீட்டுக்கும் கோபுரத்துக்கும் இடையில் இருக்கிற வயல்.

பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் பள்ளம் தோண்டி ஃபைபர் இழுப்பது கட்டுப்படியாகாது. அதனால் சிறிய நிறுவனங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலோ, தானியச் சேமிப்புக் கோபுரத்தின் மேலோ, தனியாக நட்ட இரும்புக் கம்பத்திலோ கருவியைப் பொருத்தி, ஐந்து பத்து கிலோமீட்டர் சுற்றுவட்டத்திலுள்ள வீடுகளுக்கு ரேடியோ அலை வழியே இணையம் தருகின்றன. வீட்டுக் கூரையில் ஒரு சிறிய ஆண்டெனா, கோபுரத்தைப் பார்த்தபடி. கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. கணக்கு தவறுவது இந்த இடத்தில்.

கண்ணுக்குத் தெரிவது வேறு, அலைக்கு வழி இருப்பது வேறு. ரேடியோ அலை ஆண்டெனாவிலிருந்து ஆண்டெனாவுக்கு நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நேர்க்கோட்டைச் சுற்றி, நடுவில் பருத்தும் இரு முனைகளில் ஒடுங்கியும் இருக்கும் ஒரு வெளி அதற்குத் தேவை. ஒளி அலைதான் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவியவர்களில் ஒருவரான பிரெஞ்சு அறிஞர் அகஸ்டின் ஃபிரனேல் பெயரால் இதை ஃபிரனேல் மண்டலம் என்கிறார்கள். அவர் யோசித்தது ஒளியைப் பற்றி. ரேடியோ அலை கண்டுபிடிக்கப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். ஆனாலும் இன்று கூரையேறும் டெக்னீஷியன் அவருடைய கணக்கைத்தான் போட வேண்டியிருக்கிறது. இந்த மண்டலத்தின் ஆரத்தில் குறைந்தது 60 சதவீதம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது துறையில் எல்லோரும் பின்பற்றும் விதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோபுரம் ஆறு கிலோமீட்டர் தொலைவில். அலைவரிசை 5.8 கிகாஹெர்ட்ஸ். அயோவா தட்டையான பூமி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பகுதி மெல்லிய மேடும் பள்ளமுமாகப் புரண்டு கிடக்கும் நிலம். நம் வீட்டிலிருந்து 400 மீட்டர் தள்ளி அப்படியொரு மேடு இருக்கிறது என்று வையுங்கள். ஆண்டெனாவிலிருந்து கோபுரத்துக்குப் போகும் நேர்க்கோடு அந்த மேட்டுக்கு மூன்று மீட்டர் மேலே கடக்கிறது. அந்த இடத்தில் ஃபிரனேல் மண்டலத்தின் ஆரம் 4.4 மீட்டர், அதில் 60 சதவீதம் 2.6 மீட்டர். ஏப்ரலில் மண் மட்டும் கிடக்கும் மேட்டில் மூன்று மீட்டர் இடைவெளி இருக்கிறது. விதிக்கு உட்பட்டது, இணைப்புக்குக் குறையில்லை. ஜூலையில் மேட்டின் மேல் மூன்று மீட்டர் பயிர். நேர்க்கோடு பூக்கொத்துகளை உரசிக்கொண்டு போகிறது. மண்டலத்தின் கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைக்குள் மூழ்கிவிட்டது.

இழப்பு எவ்வளவு? பொறியாளர்கள் இதை டெசிபல் கணக்கில் சொல்வார்கள். 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதி. 10 என்றால் பத்தில் ஒரு பங்கு. 20 என்றால் நூறில் ஒன்று. 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. கூர்மையான ஒரேயொரு விளிம்பு நேர்க்கோட்டை உரசினாலே 6 டெசிபல் போய்விடும், அதாவது கால்பங்குதான் மிஞ்சும். வயல் ஒற்றை விளிம்பு அல்ல. நூற்றுக்கணக்கான மீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. இழப்பு அதற்கேற்பக் கூடும். அலையின் கண்ணோட்டத்தில் பார்த்தால், தரைமட்டமே மூன்று மீட்டர் உயர்ந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அயோவாவில் பெரும்பாலானோர் ஓராண்டு மக்காச்சோளம், மறு ஆண்டு சோயா என்று மாற்றி மாற்றிப் பயிரிடுகிறார்கள். சோயா ஒரு மீட்டர் உயரம் வந்தாலே பெரிது. சோயா போட்ட ஆண்டில் ஆண்டெனா வைத்த வீட்டுக்காரருக்கு அந்தக் கோடை முழுக்க இணையம் நன்றாக ஓடும். அடுத்த ஆண்டு படுத்துவிடும். அதற்கடுத்த ஆண்டு, யாரும் எதையும் தொடாமலே, மறுபடி சரியாகிவிடும். பழுது எங்கே என்று தேடினால் கிடைக்காது. பயிர்ச் சுழற்சியைக் கேட்டால் தெரியும்.

உயரம் பாதிக் கதை. மீதிப் பாதி தண்ணீர்.

மக்காச்சோளத்தை ஏக்கருக்குச் சுமார் 32,000 செடி என்ற கணக்கில் நடுகிறார்கள், சதுர மீட்டருக்கு எட்டு. செழிப்பின் உச்சத்தில் அந்தச் சதுர மீட்டரில் தண்டிலும் இலையிலும் கதிரிலுமாக நான்கைந்து லிட்டர் தண்ணீர் நிற்கிறது. ஏக்கருக்கு 16,000 முதல் 20,000 லிட்டர். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றரையை, தரைக்கு மேல் மூன்று மீட்டர் உயரத்துக்குப் பச்சையாகப் பரப்பி வைத்தது போல. இந்த இருப்பும் தேங்கி நிற்பதல்ல. ஒரு ஏக்கர் மக்காச்சோளம் ஒரு நாளில் 11,000 முதல் 15,000 லிட்டர் வரை நீரை ஆவியாக வெளியிடுகிறது என்பது அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் கணக்கு. வேர் உறிஞ்சுவது, இலை விடுவது என்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் நீர் அது.

தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின். ரேடியோ அலையின் மின்புலம் நொடிக்குப் பல நூறு கோடி முறை திசை மாறும்போது, மூலக்கூறும் கூடவே திரும்பப் பார்க்கிறது. ஆனால் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் பிடித்திழுப்பதால் சற்றுப் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலில் அலையின் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. பயிரின் சாறு வெறும் தண்ணீரும் அல்ல, உப்புகள் கரைந்தது. அந்த அயனிகளின் ஓட்டமும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். காய்ந்த சருகுக்கும் தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டை மின்காப்பு மாறிலி என்ற எண்ணில் பார்க்கலாம்: உலர்ந்த தாவரப் பொருளுக்கு இரண்டு மூன்று, தண்ணீருக்கு ஏறத்தாழ 80. அலைக்குப் பச்சை இலை என்பது மெல்லிய தோல் போர்த்திய தண்ணீர்.

வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸில் தண்ணீர் ‘ஒத்ததிர்கிறது’, அதனால்தான் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் வேலை செய்கிறது என்று ஒரு கதை உலவுகிறது. பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள்கூட இதை நம்புவதுண்டு. உண்மை அதுவல்ல. திரவ நீர் அலையை உறிஞ்சுவது அதிர்வெண் கூடக்கூடக் கூடிக்கொண்டே போய், அறை வெப்பத்தில் சுமார் 20 கிகாஹெர்ட்ஸ் அருகில்தான் அந்த இழப்பு உச்சம் தொடுகிறது. 2.4-ல் விசேஷமாக எந்த முகடும் கிடையாது. அந்த அலைவரிசை உரிமம் இல்லாத பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டது. அடுப்பும் வைஃபையும் அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் அதுதான். பயிர் பற்றிய நம் கணக்குக்கு இதில் தேவையானது ஒன்று: 5.8 கிகாஹெர்ட்ஸ் 2.4-ஐவிட மோசமாக அடிவாங்கும், 2.4 அலை 900 மெகாஹெர்ட்ஸைவிட மோசமாக.

உறிஞ்சுவது போக, சிதறடிப்பதும் உண்டு. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்து சென்டிமீட்டர், 2.4-க்குப் பன்னிரண்டரை. மக்காச்சோள இலையின் அகலம், தண்டின் பருமன், வரிசையில் செடிக்குச் செடி இடைவெளி எல்லாம் சில சென்டிமீட்டர் முதல் பதினைந்து சென்டிமீட்டர் வரை. தன் நீளத்தை ஒத்த பொருளில் மோதும் அலை நாலாபுறமும் தெறிக்கும். 600 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் அரை மீட்டர். அது இதே வயலை அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். தண்டுகள் செங்குத்தாக நிற்பதால் இன்னொரு நுட்பமும் சேர்கிறது. மின்புலம் மேலும் கீழுமாக அதிரும் அலையைத் தண்டுகள் கூடுதலாகப் பிடிக்கும். கிடைவாட்டில் அதிரும் அலை ஓரளவு தப்பும். 1980-களில் ஆய்வாளர் ஃபவாஸ் உலாபியின் குழுவினர் பயிர்களுக்கு ஊடே மைக்ரோவேவ் அலைகளைச் செலுத்தி இந்த வேறுபாடுகளை அளந்திருக்கிறார்கள்.

தண்ணீர்தான் முதல் குற்றவாளி என்பதற்கு வயலே சாட்சி சொல்லும். செப்டம்பரில் பயிர் முற்றிப் பழுத்து, இலை வெளுத்து, தண்டு காய்கிறது. அறுவடை இயந்திரம் வருவதற்கு இன்னும் வாரங்கள் இருக்கும். பயிரின் உயரம் ஒரு சாண்கூடக் குறையவில்லை. ஆனால் சிக்னல் மெல்ல மெல்லத் திரும்புகிறது.

வீட்டுக்குள் இருப்பவருக்கு இது ‘சிக்னல் குறைவு’ என்று தெரிவதில்லை, ‘வேகம் குறைவு’ என்றுதான் தெரிகிறது. சிக்னல் வலுவாக இருக்கும்போது கருவி ஒவ்வொரு துடிப்பிலும் எட்டு பிட் தகவலை அடுக்கி அனுப்பும். சுமார் 6 டெசிபல் குறைந்தால் எட்டை ஆறாக்கிக்கொள்ளும், இன்னும் குறைந்தால் நான்கு, கடைசியில் இரண்டு. இணைப்பு எடுத்த எடுப்பில் அறுவதில்லை, இளைத்துப்போகிறது. அதனால்தான் யாருக்கும் உடனே வயல் மேல் சந்தேகம் வருவதில்லை.

இங்கே அக்கம்பக்கத்து விவகாரம் ஒன்று இருக்கிறது. கோபுரத்தின் நேரம் எல்லா வீடுகளுக்கும் பொது. எட்டு பிட்டாக வாங்கிக்கொண்டிருந்த ஒரு வீடு இரண்டு பிட்டுக்கு இறங்கினால், அதே வீடியோவைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கோபுரத்துக்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் மற்ற வீடுகளின் பங்கிலிருந்து போவது. தன் வீட்டெதிரில் ஒரு செடிகூட இல்லாதவருக்கும், நான்கு கிலோமீட்டர் தள்ளி வேறொருவர் வயலில் பயிர் செழித்ததால் இணையம் மந்தமாகிறது! நிறுவனங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் நேர வரம்பு வைத்துச் சமாளிக்கப் பார்க்கின்றன. அப்போது பயிருக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குத்தான் அடி.

மழையின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் 10 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே மழைத்துளிகள் அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. கொட்டும் மழையில்கூட 5 கிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு ஒரு டெசிபலில் சிறு பின்னத்தைத்தான் இழக்கும். மழை பெய்யும்போது இணையம் படுத்தால் காரணம் பெரும்பாலும் நனைந்த இலை. விடியற்காலைப் பனித்துளிக்கும் இதே கணக்கு. காற்றடித்தால் ஆயிரக்கணக்கான இலைகள் ஆடும், அலை வந்து சேரும் வழிகள் நொடிக்கு நொடி மாறும், சிக்னல் துள்ளும்.

இவ்வளவு நேரம் பயிருக்கு மேலே போகும் அலையைப் பற்றிப் பேசினோம். பயிருக்கு உள்ளேயே ஆண்டெனா இருந்தால்? நெதர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் கருகல் நோய் வருவதை முன்கூட்டி அறிய, வெப்பமும் ஈரமும் அளக்கும் சின்னஞ்சிறு ரேடியோக் கருவிகளைச் செடிகளுக்கு நடுவில் நட்டார்கள் டெல்ஃப்ட், வாகனிங்கன் ஆய்வாளர்கள். செடி பூக்கும் பருவத்தில் இலை அடர்ந்ததும் ஒரு கருவியின் குரல் அடுத்ததை எட்டுவது கடினமாகிவிட்டது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத ஒன்றையும் அவர்கள் 2005-ல் வெளியிட்டார்கள்: ஈரப்பதம் மிகுந்த இரவிலும் மழை நேரத்திலும் அந்த வயலுக்குள் அலை இன்னும் நன்றாகப் பரவியது. தண்ணீர் என்றாலே இழப்பு என்று முடிவுகட்டியிருந்தவர்களுக்கு இது நல்ல குட்டு. நீர் அலையை உறிஞ்சவும் செய்யும், பிரதிபலிக்கவும் செய்யும். எது வெல்லும் என்பதை அலைவரிசையும் கோணமும் ஆண்டெனா இருக்கும் இடமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அந்த ஆய்வின் இன்னொரு கட்டத்தைப் பற்றிய கட்டுரைக்கு ‘மர்ஃபிக்கு உருளைக்கிழங்கு பிடிக்கும்’ என்று பொருள்படும் தலைப்பு வைத்தார்கள். கெட வாய்ப்பிருப்பதெல்லாம் கெட்டே தீரும் என்ற மர்ஃபியின் விதியைச் சொல்கிறார்கள். அறிவியல் கட்டுரைக்கு இவ்வளவு நேர்மையான தலைப்பு அபூர்வம்.

செடிகொடிக்கும் ரேடியோவுக்கும் உள்ள உறவை முதலில் ஆராய்ந்தவர்கள் விவசாயிகளுக்காக ஆராயவில்லை, ராணுவத்துக்காக. 1904-ல் கலிபோர்னியாவில் ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி யூகலிப்டஸ் மரத்தில் ஆணி அடித்து, மரத்தையே ஆண்டெனாவாக்கிச் செய்தி வாங்கிக் காட்டினார். அன்றைய அலைகள் மிக நீளமானவை. மரம் அவற்றுக்குத் தடையாக இல்லை, உதவியாக இருந்தது. வியட்நாம் போர்க்காலத்தில் நிலைமை தலைகீழ். காட்டுக்குள் வாக்கிடாக்கி சில நூறு மீட்டரிலேயே ஊமையானது. 1960-களில் தாய்லாந்துக் காடுகளில் அமெரிக்கர்கள் விரிவாக அளந்தார்கள். அளவுகள் ஒரு புதிரைக் காட்டின: காட்டுக்குள் தொலைவு கூடக்கூட இழப்பும் அதே விகிதத்தில் கூட வேண்டும், கூடவில்லை. 1967-ல் தியோடர் தமிர் என்ற ஆய்வாளர் விளக்கம் சொன்னார். அலை காட்டை ஊடுருவிக்கொண்டு போவதில்லை. மேலே ஏறி, மரமுகட்டை ஒட்டியே தவழ்ந்து போய், சேருமிடத்துக்கு மேலே மறுபடி கீழே இறங்குகிறது.

இப்படிச் சேர்ந்த அளவுகளையெல்லாம் 1982-ல் மார்க் வைஸ்பெர்கர் என்பவர் ஒரு சூத்திரத்தில் அடக்கினார். இலை தழைத்த மரங்களுக்கான சூத்திரம் அது. மக்காச்சோளத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது, போக்கைத் தெரிந்துகொள்ளலாம். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை பத்து மீட்டர் தழைக்குள் 7 டெசிபல் இழக்கும். நூறு மீட்டரில் 33. பத்து மடங்கு தொலைவுக்கு ஐந்து மடங்குக்கும் குறைவான டெசிபல்; தமிர் சொன்ன முகட்டு வழி இங்கே எண்ணாகத் தெரிகிறது. இருந்தாலும் 33 டெசிபல் என்றால் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அதே நூறு மீட்டரில் 900 மெகாஹெர்ட்ஸ் 19 டெசிபல்தான் இழக்கிறது.

அப்படியானால் எல்லோரும் தாழ்ந்த அலைவரிசைக்கு இறங்கிவிட வேண்டியதுதானே? அமெரிக்கக் கிராமப்புற நிறுவனங்கள் முயன்றன. 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் மொத்த அகலமே 26 மெகாஹெர்ட்ஸ், 5.8-ல் 125. அகலம் குறைந்தால் வேகமும் குறைவு. தாழ்ந்த அலைக்கு ஃபிரனேல் மண்டலமும் பெரிது, அதனால் முதலிலேயே அதிகப் பயிர் உள்ளே மாட்டும். ஆனால் மாட்டினாலும் பிழைத்துக்கொள்ளும். நடுவழியாக, 2020 ஜனவரியில் வணிகப் பயன்பாட்டுக்கு முழுமையாகத் திறந்த 3.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையைப் பலர் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு வழி, டிவி ஒளிபரப்பில் காலியாகக் கிடக்கும் சேனல்கள். கிராமங்களில் அவை நிறையவே காலி. 600 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய இந்த அலைகளை மைக்ரோசாஃப்டின் ரன்வீர் சந்திரா தலைமையிலான ‘ஃபார்ம்பீட்ஸ்’ குழு பண்ணைகளில் ஓட்டிக் காட்டியது. அந்தக் கட்டுரை 2017-ல் வெளிவந்தது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் ஏம்ஸ் நகரைச் சுற்றிய பண்ணைகளையே ஆய்வுக்கூடமாக்கி, டிவி அலையிலிருந்து மில்லிமீட்டர் அலை வரை எல்லாவற்றையும் சோதித்து வருகிறது. 2021-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி ஒதுக்கிய திட்டம் அது. நகர மாடிகளுக்கு நடுவே வடிவமைத்த கருவியை வயலில் நட்டுவிட்டு ‘கிராமத்துக்கும் இணையம் கொடுத்துவிட்டோம்’ என்று சொல்லும் வழக்கம் இனியாவது குறைய வேண்டும்.

இனி, ஒருவருக்குத் தொல்லையாக இருப்பது இன்னொருவருக்கு எப்படிப் பயனாகிறது என்று பார்ப்போம். பயிரிலுள்ள தண்ணீர் அலையை மங்கச் செய்கிறது என்றால், எவ்வளவு மங்கியது என்று அளந்து எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லலாம் அல்லவா? நாசா 2015 ஜனவரி 31 அன்று ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள் செய்வது இதைத்தான். மண் தானாகவே மிக மெலிதாக ரேடியோ அலை வீசிக்கொண்டிருக்கிறது. ஈர மண் குறைவாக, காய்ந்த மண் அதிகமாக. 685 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 1.41 கிகாஹெர்ட்ஸில் ஸ்மாப் அதைக் கேட்கிறது. நடுவில் பயிர் நின்றால் மண்ணின் குரல் மங்கும். மண்ணின் ஈரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் பயிரின் மங்கலைக் கழிக்க வேண்டும். கழித்த அந்த எண்ணே பயிரிலுள்ள நீரின் அளவாகிவிடுகிறது. 2016 கோடையில் ஆய்வாளர்கள் அயோவா வயல்களில் செடிகளை வெட்டி எடுத்து, நிறுத்து, உலர்த்தி, மறுபடி நிறுத்து, வானத்து எண்ணைத் தரையில் சரிபார்த்தார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் லார்சன் இன்னும் சிக்கனம். நிலநடுக்க ஆய்வுக்காக ஏற்கெனவே நட்டிருந்த ஜிபிஎஸ் கருவிகளில், தரையில் பட்டுத் திரும்பி வரும் அலையைப் பிழை என்று எல்லோரும் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் அதிலிருந்து மண்ணின் ஈரத்தையும் பனியின் ஆழத்தையும் செடிகளின் நீரையும் படித்தெடுத்தார்.

ஸ்மாப் கணக்கில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது. அந்த அலைவரிசையில், முழுதாக வளர்ந்த மக்காச்சோளத்தைக் கீழிருந்து மேலாக நேர்க்குத்தாகக் கடக்கும் அலையில் ஏறத்தாழ பாதி தப்பிவிடும். மூன்று மீட்டர் பயிரைத்தான் அது கடக்கிறது. கிடைவாட்டில் போகும் இணைய அலைக்கோ அதே பயிர் நூறு மீட்டர், இருநூறு மீட்டர். ஆகக் கோணம்தான் எல்லாம். 11, 12 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் செயற்கைக்கோள் இணையத்துக்கு, கணக்குப்படி, மக்காச்சோளம் பெரிய எதிரியாக இருக்க வேண்டும். ஆனால் அந்த அலை வானத்திலிருந்து இறங்குவதால் வயல் வழியில் வருவதே இல்லை. அதற்கு எதிரி வீட்டோரத்து மரம்.

பரிகாரமும் கோணத்திலேயே இருக்கிறது. விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கூரையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் நட்டு ஆண்டெனாவை ஏற்றினால் பெரும்பாலான வீடுகளில் ஜூலைப் பிரச்சினை தீர்ந்துவிடும். நம் கணக்கில் மேடு வீட்டுக்கு அருகில் இருந்ததால், வீட்டுப் பக்கம் ஏற்றும் ஒவ்வொரு மீட்டரும் மேட்டுக்கு மேலே ஏறத்தாழ முழு மீட்டராகவே கிடைக்கும். அதே மீட்டரைக் கோபுரத்தில் ஏற்றினால் மேட்டுக்கு மேலே ஏழு சென்டிமீட்டர்கூட வராது. கோபுரத்தை உயர்த்தச் சொல்லி மனுப் போடுவதைவிடக் குழாய் வாங்குவது மேல்.

நம் ஊரில் வீட்டு இணையம் பெரும்பாலும் செல்பேசிக் கோபுரம் வழியாகவோ ஃபைபர் வழியாகவோ வருகிறது. அலைவரிசையும் பொதுவாகத் தாழ்ந்தது. ஆனாலும் கூரையில் ஆண்டெனா வைத்து 5ஜி வாங்கும் வீடுகள் கிராமங்களிலும் பெருகுகின்றன. புரட்டாசிப் பட்டத்தில் மக்காச்சோளம் விதைக்கும் பெரம்பலூர்ப் பக்கத்தில் பயிரின் உச்சம் கார்த்திகை, மார்கழியை ஒட்டி வரும். கரும்பு இன்னும் உயரம், பத்துப் பன்னிரண்டு மாதம் நிற்கும். அதற்குக் காய்ந்து வழிவிடும் பருவமும் கிடையாது, வெட்டினால்தான் உண்டு.

எனவே ஆண்டெனா பொருத்த ஆள் வரும் நாளில் எதிர் வயல் தரிசாகக் கிடந்தால், ‘கோபுரம் தெளிவாகத் தெரிகிறது’ என்று அவர் சொல்வதோடு திருப்திப்பட வேண்டாம். வயல்காரரிடம் அடுத்த போகம் என்ன போடப்போகிறார், அது எவ்வளவு உயரம் வரும் என்று கேளுங்கள். நேர்க்கோடு அந்த உயரத்துக்கும் மேலே மூன்று மீட்டர் விட்டுப் போகும்படி குழாய் வாங்குங்கள்.